சிங்கம், மோதிரம், கிளிக்குள் உயிர்: ஃபேன்டஸி படங்களில் விசுவாசத்துக்குத் தெம்பு தேடுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நார்னியா படம் முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அப்போ அந்தச் சிங்கம்தானே இயேசு?" ஆமாம் என்று இன்னொருவர் சொல்வார். அதோடு பேச்சு முடிந்தது. விடுகதைக்கு விடை கிடைத்த திருப்தியில் எல்லாரும் சாப்பிடப் போய்விடுவார்கள். படம் நமக்குள் என்ன செய்தது என்று கேட்க ஆள் இருக்காது.

ஃபேன்டஸி படத்திலிருந்து விசுவாசத்துக்கு உணவு கிடைக்குமா என்றால், நிச்சயம் கிடைக்கும். ஆனால் "இதில் இயேசு யார், சாத்தான் யார்" என்று பட்டியல் போடுவது அதற்கு வழி இல்லை. கொஞ்சம் பொறுமையான வேறொரு முறை இருக்கிறது. அது புதிதும் அல்ல, தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி கையாண்ட முறைதான். 2 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள், இந்த வழிகாட்டி முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது. நாத்தான் போனவுடன் குற்றம் சாட்டவில்லை. ஏழை ஒருவனின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிக்கொண்ட கதையைச் சொன்னான். அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீதுக்கு அது தன் கதை என்று தெரியாது. கதைக்குள் போய்க் கோபப்பட்டான், தீர்ப்பும் சொல்லிவிட்டான். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்" வந்தது. முதலில் கதை, பிறகு மனம் கொதிப்பது, கடைசியில் வசனம். இந்த வரிசையை மாற்றினால் எதுவும் வேலை செய்யாது.

முதலில் வீட்டில் எழும் கேள்வி: சினிமாவா?

மதுரைக் கிறிஸ்தவர்களின் நிலைமை கொஞ்சம் வேடிக்கையானது. ஊரே சினிமா பைத்தியம். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று தங்கம் தியேட்டரைச் சொல்லிப் பெருமைப்பட்ட ஊர் இது. அதே ஊரில் ஓய்வுநாள் பள்ளியில் "சினிமா பார்ப்பது பாவம்" என்று கேட்டு வளர்ந்தவர்களும் ஏராளம். அதிலும் மந்திரம், மாயம், அரக்கன் எல்லாம் வரும் படம் என்றால் பாட்டி முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பை அலட்சியப்படுத்த வேண்டாம், அதற்குக் காரணம் உண்டு. அதை அடுத்துப் பார்ப்போம்.

ஆனால் கற்பனைக் கதையே விசுவாசிக்கு அந்நியம் என்பது சரியில்லை. பைபிளிலேயே மரங்கள் கூடிப் பேசி ராஜாவைத் தேர்ந்தெடுக்கின்றன (நியாயாதிபதிகள் 9). தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்ட மோட்சப் பிரயாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1678இல் ஜான் பனியன் வெளியிட்ட அந்தக் கதையில் அரக்கன் வருகிறான், கோட்டை வருகிறது, பயணிகளைச் சிறை வைக்கிறான், மடியில் இருந்த வாக்குத்தத்தம் என்ற சாவியால் அவர்கள் கதவைத் திறந்து தப்பிக்கிறார்கள். இது ஃபேன்டஸி இல்லாமல் வேறு என்ன? எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அதைத் தழுவித்தான் 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காப்பியத்தைத் தமிழுக்குத் தந்தார். மதுரை மிஷனில் ஊழியம் செய்த வீரமாமுனிவர், தேம்பாவணி பாடிய அதே கையால் பரமார்த்த குருவின் கதையையும் எழுதிச் சிரிக்கவைத்தார். நம் முன்னோர் கதைக்குப் பயந்தவர்கள் இல்லை.

மந்திரம் பற்றி ஒரு எச்சரிக்கை

உபாகமம் 18:10–12 குறிசொல்லுதலையும் சூனியத்தையும் தெளிவாகத் தடுக்கிறது. படத்தில் கோலை ஆட்டினால் வெளிச்சம் வருவதும் நிஜத்தில் ஒருவர் மந்திரவாதியிடம் போவதும் ஒன்றல்ல என்பது என் கருத்து. முதலாவது அந்தக் கதை உலகத்தின் இயற்கை விதி. இரண்டாவது, தேவனை விட்டு வேறொரு சக்தியிடம் கை நீட்டுவது.

ஆனால் நம் பகுதியில் இது வெறும் விவாதம் இல்லை. உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் செய்வினைக்கும் பில்லி சூனியத்துக்கும் பயந்து வாழ்ந்துவிட்டு, அதிலிருந்து வெளியே வந்து ஞானஸ்நானம் எடுத்த குடும்பங்கள் உண்டு. அவர்களுக்குத் திரையில் தெரியும் மந்திரம் விளையாட்டு அல்ல, பழைய பயத்தின் முகம். உங்கள் குழுவில் அப்படி ஒருவர் இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். "அண்ணே, இது சும்மா கதைதானே" என்று அவரிடம் வாதாட வேண்டாம். ரோமர் 14ஆம் அதிகாரம் இதற்கென்றே எழுதியது போல இருக்கும். ஒரு படத்துக்காக ஒரு சகோதரரின் மனச்சாட்சியைக் காயப்படுத்துவது லாபமில்லாத வியாபாரம்.

படத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆரம்பிக்க இரண்டு கதைகள் போதும். நார்னியா வரிசையின் முதல் படம் (2005), மோதிரக் கதையான லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் மூன்று பாகங்கள் (2001, 2002, 2003). இவற்றின் மூலக்கதைகளை எழுதிய சி. எஸ். லூயிஸும் டோல்கீனும் ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்கள், இருவரும் விசுவாசிகள். டோல்கீன் கத்தோலிக்கர். நாத்திகராக இருந்த லூயிஸ் 1931இல் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டதில் டோல்கீனோடு ஒரு ராத்திரி முழுக்கப் பேசிய பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு. பேசியது எதைப் பற்றி? புராணக் கதைகளைப் பற்றி! கதைப் பேச்சு வீண்பேச்சு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இருவரும் ஒரே மாதிரி எழுதவில்லை என்பது முக்கியம். நார்னியா போல ஒரு உலகம் இருந்து, தேவகுமாரன் அங்கே சிங்கமாக வந்தால் என்ன நடக்கும் என்பது லூயிஸ் போட்டுப் பார்த்த கற்பனை. அதனால் அங்கே கிறிஸ்து கிட்டத்தட்ட நேராகவே தெரிவார். டோல்கீனுக்கு இதற்கு அது என்று ஒட்டுப்போட்ட உருவகக் கதைகள் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் தன் கதை அடிப்படையில் ஒரு கத்தோலிக்கப் படைப்பு என்று 1953இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அங்கே கோயிலும் இல்லை, ஜெபமும் கிட்டத்தட்ட இல்லை, விசுவாசம் நிலத்தடி நீர் மாதிரி ஓடுகிறது. நார்னியாவில் முகம் தேடலாம், மோதிரக் கதையில் தாகம் தேட வேண்டும்.

நீளத்தையும் கணக்கில் எடுங்கள். மோதிரக் கதையின் ஒவ்வொரு பாகமும் ஏறக்குறைய மூன்று மணி நேரம், கடைசிப் பாகம் அதைவிட நீளம். ஞாயிறு ஆராதனை முடிந்து, மட்டன் குழம்புச் சாப்பாடும் முடிந்து, மத்தியானம் இரண்டு மணிக்கு மதுரை வெயிலில் போட்டால் பாதிப் பேர் ஞானி கண்டால்ஃப் வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் டீக்கு ஒரு இடைவேளை விடுங்கள்.

இன்னொன்று: ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்குத்தான். சபை மண்டபத்தில் திரை கட்டி ஊரைக் கூட்டிப் போடுவதென்றால் உரிமம் வேண்டும். டெலிகிராமில் திருட்டுப் பிரதி இறக்கி, அதைப் பார்த்துவிட்டு நேர்மையைப் பற்றிக் கலந்துரையாடுவது நன்றாக இருக்காது.

பார்க்கும்போது

நிறுத்தாதீர்கள், விளக்காதீர்கள். முக்கியமாக வாலிபர் கூட்டத் தலைவர்கள் கவனிக்க: நல்ல காட்சி வந்தால் பாஸ் போட்டு வசனம் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாத்தான் ஆட்டுக்குட்டிக் கதையின் நடுவில் நிறுத்தி "ராஜாவே, கவனித்தீரா?" என்று கேட்டிருந்தால் தாவீது உஷாராகியிருப்பான்.

தமிழ் டப்பிங் இருந்தால் தமிழிலேயே பாருங்கள். சப்டைட்டில் வாசிக்கும் அவசரத்தில் முகங்களைத் தவறவிடுகிறோம்.

படம் முடிந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி

"எந்த இடத்தில் உங்களுக்குத் தொண்டை அடைத்தது?"

இதுதான் முதல் கேள்வி, "என்ன கற்றுக்கொண்டோம்" என்று கேட்டால் பரீட்சை பதில்தான் வரும். தொண்டை அடைத்தது, கோபம் வந்தது, காரணமே தெரியாமல் சிரித்தது, பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பியது, எதுவாக இருந்தாலும் சரி. தனியாகப் பார்க்கிறவர் ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதினால் போதும். குழுவாக என்றால் ஆளுக்கு ஒரு காட்சி, விளக்கம் வேண்டாம், காட்சியை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இடம் வரும். நார்னியாவில் பெரும்பாலானோர் அஸ்லான் என்ற அந்தச் சிங்கம் கொல்லப்படும் கல் மேசைக் காட்சியைச் சொல்வார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சிலருக்கு அதற்கு முன்னால், கூடப்பிறந்த மூவரைக் காட்டிக்கொடுத்து, பிறகு மீட்கப்பட்டு வந்த சிறுவன் எட்மண்டோடு அஸ்லான் தனியாகப் பேசும் காட்சி தைக்கும். என்ன பேசினார்கள் என்று நமக்குக் கேட்காது, தூரத்திலிருந்து பார்க்கிறோம். திரும்பி வந்ததும் நடந்ததைப் பற்றி இனி இவனிடம் பேச வேண்டியதில்லை என்று அஸ்லான் மற்ற மூவரிடமும் சொல்கிறது. காட்டிக்கொடுத்தவனை அவமானப்படுத்தாமல் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வது எப்படி என்று நம் குடும்பங்களுக்குத் தெரியுமா? பத்து வருஷத்துக்கு முந்தைய தப்பை ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் எடுத்துச் சொல்லும் சித்தப்பா எல்லார் வீட்டிலும் உண்டு. "உன் பாவங்களை நினையாமலும் இருப்பேன்" என்று ஏசாயா 43:25இல் தேவன் சொல்வதை அந்தக் காட்சிக்குப் பிறகு வாசித்தால் வசனம் வேறு மாதிரி கேட்கும்.

நீங்கள் நிற்கும் இடம் எது?

நம்மில் பலர் படத்தில் நம்மை நாயகனோடுதான் சேர்த்துப் பார்க்கிறோம். கிறிஸ்தவராகப் பார்ப்பதென்றால் அந்த இடத்தை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். நார்னியாவில் நாம் எட்மண்ட். பனி ராணி அவனுக்குத் துருக்கி மிட்டாய் கொடுத்துத்தான் வளைக்கிறாள். நம் ஊர்க்காரர்கள் பார்த்தால் "அல்வா கொடுத்துட்டா" என்று சிரிப்பார்கள், சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவனை விழவைத்தது இனிப்பு மட்டுமா? அண்ணனைவிடப் பெரிய ஆளாக்குகிறேன், உன்னை ராஜாவாக்குகிறேன் என்ற வாக்கும்தான். வீட்டில் தன்னை மட்டம் தட்டுகிறார்கள் என்ற மனக்குறை அவனுக்கு ஏற்கெனவே இருந்தது. சோதனை எப்போதும் இருக்கிற காயத்தின் வழியாகத்தான் உள்ளே வரும்.

மோதிரக் கதையில் போரோமிரைப் பாருங்கள். அவன் கெட்டவன் இல்லை, தன் ஊரைக் காப்பாற்றத் துடிக்கிறவன். வில்லன் சௌரான் செய்த மோதிரத்தின் சக்தியை நல்லதுக்குப் பயன்படுத்தலாமே என்றுதான் அவன் நினைக்கிறான். சபைத் தேர்தல் நேரத்தில் "ஊழியத்துக்காகத்தான் இந்தப் பதவி" என்று பேசுபவர்களை நினைத்துக்கொண்டு (நம்மையும் சேர்த்துத்தான்) போரோமிர் காட்சிகளை மறுபடி பாருங்கள். உலகத்தின் ராஜ்யங்களையெல்லாம் காட்டி "இவைகளையெல்லாம் உமக்குத் தருவேன்" என்ற மத்தேயு 4இன் சோதனை, நல்ல நோக்கம் உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வலிக்கும். அதனால்தான் ஞானியான கண்டால்ஃப் மோதிரத்தைத் தொடக்கூட மறுக்கிறார். நல்லது செய்யும் ஆசையிலேயே அது தன்னைப் பிடித்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

கிளிக்குள் உயிர்: காட்சியிலிருந்து வசனத்துக்குப் போவது

இப்போதுதான் பைபிளைத் திறக்க வேண்டும். திறக்கும்போது ஒரு விதி: காட்சிக்குப் பொருத்தமாக ஒரு வசனத்தைத் தேடிப் பிடித்து ஒட்டாதீர்கள். கதையின் முழு உருவம் என்ன கேள்வி கேட்கிறது என்று பாருங்கள், பிறகு அந்தக் கேள்விக்குச் சுவிசேஷம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஒரு உதாரணத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்.

நாம் சின்ன வயதில் கேட்ட மந்திரவாதிக் கதை ஞாபகம் இருக்கும். மந்திரவாதியை வெட்டினாலும் சாக மாட்டான். அவன் உயிர் அவனிடம் இல்லை. ஏழு கடல், ஏழு மலை தாண்டி, ஒரு குகையில், கூண்டுக்குள் இருக்கும் கிளிக்குள் இருக்கிறது. ராஜகுமாரன் போய்க் கிளியின் கழுத்தைத் திருகினால் இங்கே மந்திரவாதி சுருண்டு விழுவான். சந்தமாமா, அம்புலிமாமா காலத்து வாசகர்களுக்கு இது தண்ணீர்பட்ட பாடு.

இதையே மனதில் வைத்துக்கொண்டு மோதிரக் கதையைப் பாருங்கள். சௌரான் தன் சக்தியில் பெரும்பகுதியை மோதிரத்துக்குள் ஊற்றி வைத்திருக்கிறான். மோதிரம் அழிந்தால் அவன் கோட்டை சரிகிறது. ஹாரி பாட்டர் படங்களில் வில்லன் வோல்டமார்ட், சாவுக்குப் பயந்து தன் ஆத்துமாவைத் துண்டு துண்டாக்கிப் பொருள்களில் ஒளித்து வைக்கிறான். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரின் கதையும் எடின்பரோவில் எழுதப்பட்ட கதையும் நம் பாட்டி சொன்ன கதையும் ஒரே எலும்பில் நிற்கின்றன: சாக மாட்டேன் என்று உயிரைக் கொண்டுபோய் ஒரு பொருளில் பதுக்கியவன், அந்தப் பொருளுக்கு அடிமையாகிறான். கிளி ஒருத்தன் கையில் சிக்கினால் எல்லாம் போச்சு. அவன் வாழ்க்கை முழுவதும் கிளிக்குக் காவல் காப்பதிலேயே போகிறது.

அப்போது கதை கேட்கும் கேள்வி இதுதான்: உன் உயிர் எந்தக் கூண்டில் இருக்கிறது?

எதைத் தொட்டால் நீங்கள் சுருண்டு விழுவீர்கள்? பிள்ளையின் நீட் மார்க்கா, அண்ணா நகரில் கட்டிய வீட்டின் பத்திரமா, சபையில் உங்களுக்கு இருக்கும் நல்ல பெயரா? இவை கெட்டவை அல்ல, மோதிரமும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இதைக் குழுவில் உடனே சொல்ல வைக்காதீர்கள், யாரும் உண்மை பேச மாட்டார்கள். ஒரு நிமிஷம் அமைதியாக உட்காரச் சொன்னால் போதும்.

இதற்குப் பிறகு மாற்கு 8:35: "தன் ஜீவனை இரட்சிக்க விரும்புகிறவன் அதை இழந்துபோவான்." மந்திரவாதிக் கதையின் முழுத் தத்துவமும் இதில் இருக்கிறது. அதோடு நிறுத்தினால் அது வெறும் எச்சரிக்கை. கொலோசெயர் 3:3ஐயும் வாசியுங்கள்: "உங்கள் ஜீவன் கிறிஸ்துவுடனேகூட தேவனுக்குள் மறைந்திருக்கிறது." இங்கேயும் உயிர் நம்மிடம் இல்லை, வேறோர் இடத்தில்தான் மறைந்திருக்கிறது! ஆனால் அது நாம் காவல் காக்க வேண்டிய கூண்டு அல்ல, ஒருவரும் கை நீட்டிப் பறிக்க முடியாத இடம். மந்திரவாதி பயத்தினால் ஒளித்தான், இங்கே அன்பினால் மறைத்து வைத்திருக்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பேச ஒரு சாயங்காலம் போதாது.

"வோல்டமார்ட்தான் சாத்தான்" என்று ஒட்டியிருந்தால் இதில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

தெம்பு எங்கே கிடைக்கிறது?

மனம் தளர்ந்திருக்கும்போது வெற்றிக் காட்சிகளைப் பார்த்தால் தெம்பு வரும் என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை போனவருக்கு, டயாலிசிஸுக்காகப் பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிறவருக்கு, நாயகன் வாளை உயர்த்தும் காட்சி அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் மாதிரி. அவருக்குத் தேவைப்படுவது தோற்றவர்களின் காட்சி.

லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் முடிவை நன்றாகக் கவனியுங்கள், பலர் தவறாக ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நாயகன் ஃப்ரோடோ மோதிரத்தை நெருப்பில் போட்டு அழிக்க எரிமலை வரை சுமந்து போகிறான், ஆனால் கடைசி நிமிஷத்தில் தூக்கி எறிய மாட்டேன், இது என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். நாயகன் தோற்றுவிட்டான்! முன்பு மோதிரத்தை வைத்திருந்து அதற்கு அடிமையான கோல்லம் பாய்ந்து விரலைக் கடித்துப் பிடுங்கி, மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறான், அதனால்தான் உலகம் பிழைக்கிறது. அந்தக் கோல்லத்தைக் கொல்லாமல் விட்டது யார்? முதலில் ஃப்ரோடோவின் மூத்த உறவினர் பில்போ, பிறகு ஃப்ரோடோ. முதல் படத்திலேயே, பில்போ அவனைக் கொன்றிருக்கலாமே என்று ஃப்ரோடோ அலுத்துக்கொள்ளும்போது, கையைத் தடுத்தது இரக்கம்தான் என்று கண்டால்ஃப் சொல்லிவிடுகிறார். எப்போதோ காட்டிய இரக்கம், தன் பலம் தீர்ந்த இடத்தில் ஃப்ரோடோவைக் காப்பாற்றுகிறது. ஃப்ரோடோ தோற்றான், அவனுடைய இரக்கம் காரியத்தை முடித்தது என்பதை டோல்கீனே தன் கடிதங்களில் விளக்கியிருக்கிறார்.

"நான் கடைசி வரை நிற்க முடியவில்லை, என் விசுவாசம் அந்த நேரத்தில் காலை வாரிவிட்டது" என்று குற்ற உணர்வோடு இருக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் எந்தப் படத்திலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நம் இரட்சிப்பு நம் பிடியின் உறுதியில் நிற்கவில்லை.

அதற்குச் சற்று முன்னால், மலைச்சரிவில் ஃப்ரோடோ எழ முடியாமல் கிடப்பான். கூட வந்த தோழன் சாம் அவனிடம், உங்களுக்காக மோதிரத்தை நான் சுமக்க முடியாது, ஆனால் உங்களையே சுமப்பேன் என்று சொல்லித் தோளில் தூக்கிக்கொள்வான். கலாத்தியர் 6இல் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று ஒரு வசனம், மூன்று வசனம் தள்ளி அவனவன் தன் தன் பாரத்தைச் சுமப்பான் என்று இன்னொன்று வரும். இரண்டும் முரணாக இல்லையா என்று வேதபாட வகுப்பில் கேட்பார்கள். சாம் அந்தச் சரிவில் இரண்டையும் சேர்த்துச் செய்துவிடுகிறான். உங்கள் அண்ணனுக்கு வந்த புற்றுநோயை நீங்கள் வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் கீமோவுக்கு அவரை ஆட்டோவில் ஏற்றிப் போய், டோக்கன் வாங்கி, முறை வரும் வரை பக்கத்தில் உட்காரலாம்.

இதோடு 1 இராஜாக்கள் 19ஐ வாசிக்கச் சொல்வேன். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்கிறான். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிடுகிறான், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடச் சொல்கிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." சாமும் பையிலிருக்கும் எல்ஃபுகளின் ரொட்டியைத் தான் சாப்பிடாமல் ஃப்ரோடோவுக்கு மிச்சம் பிடிப்பான். கத்தோலிக்க வாசகர்களுக்கு அந்த ரொட்டி நற்கருணையை ஞாபகப்படுத்தினால் தப்பில்லை, டோல்கீனுக்கும் அது தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தூக்கமே வராமல், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் படம் போட்டுக் காட்டாதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், கூடவே இருங்கள்.

பொருந்தாத இடத்தில் பொருந்தவில்லை என்று சொல்லுங்கள்

எல்லாப் படத்துக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டியதில்லை. ஸ்டார் வார்ஸில் வில்லன் டார்த் வேடர் தன் மகனைக் காப்பாற்றத் திரும்பும் இடம் (1983இல் வந்த மூன்றாவது படம்) மனந்திரும்புதலுக்கு அருமையான காட்சி. ஆனால் அதில் வரும் "ஃபோர்ஸ்" என்ற சக்தி ஒரு ஆள் அல்ல. அது உங்களை நேசிக்காது, பெயர் சொல்லிக் கூப்பிடாது. அதைப் பரிசுத்த ஆவியோடு ஒப்பிட்டால் இரண்டையும் தவறாகப் புரிந்துகொள்வோம்.

ஜப்பானின் ஸ்பிரிட்டட் அவே (2001) முற்றிலும் வேறு மரபிலிருந்து வருகிறது. சூனியக்காரி ஒருத்தி சிறுமி சிஹிரோவின் பெயரைப் பிடுங்கி வேறு பெயர் வைத்து வேலை வாங்குவாள். சொந்தப் பெயரை மறந்தவர்களால் வீடு திரும்ப முடியாது. ஏசாயா 43:1இல் "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்; நீ என்னுடையவன்" என்பது நினைவுக்கு வரலாம், வரட்டும். ஆனால் இயக்குநர் மியாசாகி கிறிஸ்தவப் படம் எடுத்தார் என்று சொல்லக் கூடாது. அத்தேனே பட்டணத்தில் பவுல் கிரேக்கப் புலவரின் வரியை எடுத்துப் பேசினார் (அப்போஸ்தலர் 17), அந்தப் புலவரைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு நண்பர் உங்களோடு உட்கார்ந்து பார்த்து, இது எனக்கு ராமாயணத்தை ஞாபகப்படுத்துகிறது என்றால் கேளுங்கள். நாமும் ஏதாவது கற்றுக்கொள்வோம்.

"எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" (1 தெசலோனிக்கேயர் 5:21). சோதித்துப்பார்ப்பதும் உண்டு, பிடித்துக்கொள்வதும் உண்டு. நம் ஆட்களில் பாதிப் பேர் முதலாவதோடும் மீதிப் பேர் இரண்டாவதோடும் நின்றுவிடுகிறோம்.

புதையல் வேட்டையிலும் கவனம் வேண்டும். டோல்கீனின் புத்தகப்படி மோதிரம் அழிந்த நாள் மார்ச் 25, அதாவது தேவதூதன் மரியாளுக்கு நற்செய்தி சொன்னதை நினைக்கும் மங்கள வார்த்தைத் திருநாள். ஃப்ரோடோவும் தோழர்களும் பயணம் புறப்பட்டது டிசம்பர் 25. அவர் வேண்டுமென்றே வைத்ததுதான், தெரிந்துகொள்ள ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைத் தெரிந்துகொண்டதால் யாரும் ஒரு எதிரியை மன்னித்துவிடப் போவதில்லை.

குழுவாகச் செய்கிறவர்களுக்கு

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். படம் ஒரு நாள், பேச்சு இன்னொரு நாள் என்று பிரித்தால் நல்லது, இரண்டு நாள் இடைவெளியில் காட்சி உள்ளே வேலை செய்யும். ஆயர் வந்தால் அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் "ஆமாங்கய்யா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். பெண்கள் டீ போட அடுப்படியில் இருக்க, ஆண்கள் உட்கார்ந்து அன்பைப் பற்றிப் பேசும் வழக்கமான ஏற்பாடும் வேண்டாம்.

மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடிந்த கையோடு சின்னப் பிள்ளைகளுக்கு நார்னியா காட்டலாம், ஆனால் கல் மேசைக் காட்சி எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பயமுறுத்தும். பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும். மோதிரக் கதை பத்தாம் வகுப்புக்கு மேல். பிள்ளைகளிடம் தத்துவம் கேட்காதீர்கள், படம் வரையச் சொல்லுங்கள். நார்னியாவில் எப்போதும் குளிர்காலம், ஆனால் கிறிஸ்துமஸ் மட்டும் வராது என்பது நம் பிள்ளைகளுக்குப் பெரிய தண்டனையாகவே தெரியாது. மதுரைப் பிள்ளைக்குப் பனி என்றால் கொடைக்கானல், ஜாலி. அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: வருஷம் பூராவும் அக்னி நட்சத்திரம், வைகையில் சொட்டுத் தண்ணீர் இல்லை, அழகர் ஆற்றில் இறங்கும் திருவிழா நாளும் வரவே வராது என்றால் ஊர் எப்படி இருக்கும்? அதற்குப் பிறகு அஸ்லான் வரும்போது பனி உருகுவது அவர்களுக்குச் சட்டென்று புரியும்.

கடைசிப் படி: ஒரே ஒரு காரியம்

ஜெபத்தில் முடிப்பது எல்லாருக்கும் தெரியும். கதையில் தைத்த அந்த ஒரு காட்சியைச் சொல்லி ஜெபியுங்கள், பொதுவாக "நல்ல படத்துக்காக ஸ்தோத்திரம்" என்று முடித்துவிடாமல். தனியாக ஜெபிக்கிறவருக்கு "ஆண்டவரே, நான் எட்மண்ட்" என்ற ஒரு வரியே போதும்.

பிறகு அந்த வாரத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரு சின்னக் காரியத்தை எழுதுங்கள். "இனிமேல் அன்பாக இருப்பேன்" என்பது செல்லாது, நாள் சொல்ல முடிகிற காரியமாக இருக்க வேண்டும். சொத்துத் தகராறில் பேச்சை நிறுத்திய அக்காவுக்கு வியாழக்கிழமை போன் போடுவது. ஆஸ்பத்திரியில் இருக்கும் பக்கத்துத் தெருக்காரருக்கு ஒரு ராத்திரி துணைக்குப் படுப்பது. கிளிக்கூண்டு இன்னதென்று கண்டுபிடித்தவர், அதைப் பற்றி நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் சொல்வது. அடுத்த கூடுகையில் புதிய படம் போடுவதற்கு முன்னால், போன தடவை எழுதியதைச் செய்தீர்களா என்று ஒருவரையொருவர் கேளுங்கள். செய்யவில்லை என்றால் திட்ட வேண்டாம், அந்தப் படத்தையே இன்னொரு வாரம் வைத்துப் பேசுங்கள்.